ரொமான்டிக் காமெடி: காதல் நகைச்சுவையா, ஊடலுவகையா?

'ரொமான்டிக் காமெடி' என்று போட்டிருந்தால், கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்தேதான் போய் உட்காருகிறோம். தமிழில் இதைக் 'காதல் நகைச்சுவை' என்கிறோம். பிழையில்லை, ஆனால் பாதிப் பொருள்தான் வந்திருக்கிறது.

ரொமான்ஸுக்கும் காதலுக்கும் தொடக்கத்தில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பழைய பிரெஞ்சில் அது ஒரு மொழியின் பெயர்: படித்தவர்களின் இலத்தீன் அல்லாத, மக்களின் பேச்சுமொழி. அந்த மொழியில் சொன்ன வீரர் கதைகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. கதைகளில் காதல் மிகுந்ததால் சொல்லும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

காமெடி கிரேக்கச் சொல். 'கோமோஸ்' என்றால் களியாட்டம். அதோடு பாட்டைக் குறிக்கும் சொல் சேர்ந்தது. இடைக்கால ஐரோப்பாவில், துன்பத்தில் தொடங்கி நன்மையில் முடியும் கதையெல்லாம் காமெடிதான், சிரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். நரகத்தில் தொடங்கிச் சொர்க்கத்தில் முடியும் தன் காவியத்துக்கு இத்தாலியக் கவிஞர் தாந்தே அந்தப் பெயரைத்தான் வைத்தார்.

அப்படியானால் அதற்கு 'நகை' சரியான சொல்லா? தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எட்டாகப் பிரிக்கும்போது நகையையும் (சிரிப்பு) உவகையையும் (மகிழ்ச்சி) தனித்தனியே வைக்கிறது. நகை பிறப்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கால். உவகைக்குச் சொல்லும் நான்கு செல்வம், புலன், புணர்வு (காதலர் கூடுதல்), விளையாட்டு. கடைசி இரண்டைப் பாருங்கள், இந்தப் படங்களின் முழுக்கதையும் அதற்குள் இருக்கிறது.

திருக்குறளின் கடைசி அதிகாரத்தின் பெயரே 'ஊடலுவகை', காதலரின் செல்லச் சண்டையில் பிறக்கும் மகிழ்ச்சி. என் வாக்கு அதற்குத்தான். அதற்கு முந்தைய அதிகாரத்தில் ஒரு காட்சி: அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள். வாழ்த்திய கையோடு, 'யார் நினைத்துத் தும்மினீர்?' என்று அழுகிறாள் (1317). அடுத்த குறளில் அவன் உஷாராகித் தும்மலை அடக்குகிறான். 'உங்களுக்கு வேண்டியவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரோ?' என்று அதற்கும் அழுகை (1318). இதைவிடக் கச்சிதமான காமெடி காட்சியை எந்தத் திரைக்கதை ஆசிரியர் எழுதிவிட்டார்?

ஊடலிலும் அளவு உண்டு. 1306ஆம் குறள் துனியையும் புலவியையும் பிரித்துச் சொல்கிறது. முற்றிய சண்டை துனி, இளையது புலவி என்பது பரிமேலழகர் உரை. இந்தப் படங்களில் துனி பெரும்பாலும் ஒரு பொய்யால் வரும்: நண்பர்களிடம் கட்டிய பந்தயம், மாற்றிச் சொன்ன பெயர், மறைத்த நிச்சயதார்த்தம். அந்தப் பொய் உடைந்த பிறகுதான் காதல் மெய்யா என்ற கேள்வியே எழுகிறது. விமான நிலையத்துக்கு மூச்சிரைக்க ஓடுவது அதற்குப் பதிலாகாது. என்ன பொய் சொன்னேன் என்று வாய்திறந்து சொல்பவனை நம்பலாம். பூங்கொத்தோடு மட்டும் நிற்பவனை நான் நம்பமாட்டேன்.

என் சொல்லிலும் ஒரு குறை உண்டு. ஊடல் மனம் ஒன்றியவர்களுக்கு இடையில் வருவது. பார்த்த மறுநிமிடமே இருவரும் முட்டிக்கொள்ளும் முதல் பாதிக்கு அது பொருந்தாது. போஸ்டரில் 'காதல் நகைச்சுவை'யே இருக்கட்டும். ஆனால், வேண்டாம் என்றவளை இடைவேளைவரை துரத்தும் படத்துக்கு இரண்டு பெயரும் வேண்டாம். ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை என்றும், 'மிக்க காமத்து மிடல்' (மிகுந்த காமத்தால் வரும் வன்மை) உள்ளிட்டவற்றுக்குப் பெருந்திணை என்றும் பெயர் வைத்து, இருவரும் ஒத்த காதலைப் பாடும் 'அன்பின் ஐந்திணை'க்கு வெளியே தொல்காப்பியம் நிறுத்தியிருக்கிறது.