கேம்பஸ்: சொல் விளக்கம்

தமிழ்நாட்டில் கடைசி ஆண்டு மாணவர் ஒருவர் ‘கேம்பஸில் செலக்ட் ஆகிவிட்டேன்’ என்றால் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ‘பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது’ என்றால் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஒரே சொல் ஒரு கரையில் படிப்பை முடித்துவைக்கிறது, மறு கரையில் தொடங்கிவைக்கிறது. இரண்டு பேச்சிலும் நிலம் இல்லை, கட்டடமும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லின் பிறப்பில் நிலத்தைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை.

‘காம்புஸ்’ என்பது இலத்தீன் சொல். திறந்த வெளி, சமநிலம், வயல் என்பன அதன் பொருள்கள். பழைய ரோமில் நகர மதிலுக்கு வெளியே, டைபர் ஆற்றின் வளைவை ஒட்டி ‘காம்புஸ் மார்ட்டியுஸ்’ என்ற பெருந்திடல் இருந்தது. போர்த் தெய்வமான மார்சின் பெயரைத் தாங்கிய இடம் அது. படை கூடியதும், இளைஞர் உடற்பயிற்சி செய்ததும், குடிமக்கள் திரண்டு வாக்களித்ததும் அங்கேதான். காலப்போக்கில் கோயில்களும் அரங்குகளும் எழுந்து திடல் நிறைந்துவிட்டது. இன்றும் நிற்கும் பாந்தியன் கட்டடம் இருப்பது அந்தத் திடலில்தான். வெறுந்தரையைக் குறித்த பெயர் கட்டடங்கள் நிறைந்த பகுதிக்கும் பெயராக நிலைத்தது. பிற்காலத்தில் பல்கலைக்கழகங்களில் நடந்ததும் இதே கதை.

ஆங்கிலத்தின் கேம்ப், கேம்பெய்ன், சாம்பியன் ஆகிய மூன்றும் இந்த வேரில் கிளைத்தவை. படை தங்கும் வெளி, படை களமிறங்கும் காலம், களத்தில் நின்று பொருதவன் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் உறவு புலப்படும்.

கல்லூரி நிலத்துக்கு இந்தச் சொல் வந்து ஒட்டிய இடம் அமெரிக்காவின் பிரின்ஸ்டன். அதுவரை அந்நாட்டுக் கல்லூரிகள் தம் நிலத்தை ‘யார்டு’ என்றே சொல்லிவந்தன. ஹார்வர்டு இன்றும் அப்படித்தான் சொல்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ‘கிரவுண்ட்ஸ்’ என்பார்களே தவிர, கேம்பஸ் என்ற பேச்சே கிடையாது. பிரிட்டனின் தேயிலை வரியை எதிர்த்தவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசிய சில வாரங்களுக்குப் பின், 1774 சனவரியில், பிரின்ஸ்டன் மாணவர்களும் கல்லூரிக் கிடங்கில் குளிர்காலத்துக்கெனச் சேர்த்துவைத்திருந்த தேயிலையை வெளியே எடுத்துவந்து கொளுத்தினார்கள். அதைப் பற்றி மாணவர் ஒருவர் எழுதிய கடிதத்தில், ‘காம்பஸில்’ தீ மூட்டியதாக ஒரு வரி வருகிறது. கல்லூரி நிலம் என்ற பொருளில் இச்சொல் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்று அதுவே. இலத்தீன் படித்த பிள்ளைகள் தம் கல்லூரிக்கு முன்னால் கிடந்த திடலுக்கு ரோமின் திடற்பெயரை வைத்துக்கொண்டார்கள். கட்டடம் அந்தப் பெயருக்குள் இன்னும் நுழையவில்லை.

நுழைந்திருக்கவும் முடியாது. அங்கே பெரிய கட்டடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: 1756இல் கட்டி முடிக்கப்பட்ட நாசா ஹால். வகுப்பறை, மாணவர் அறை, நூலகம், வழிபாட்டு அறை எல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ் அடங்கின. பெயர் சூட்டிய கதையும் அறியத்தக்கது. கல்லூரிக்குத் தம் நூல்கள் 474ஐக் கொடையாகத் தந்த ஆளுநர் ஜொனாதன் பெல்ச்சரின் பெயரைக் கட்டடத்துக்கு வைக்க அறங்காவலர்கள் விரும்பினார்கள். அவர் மறுத்துவிட்டார். இங்கிலாந்தின் மன்னராக இருந்த மூன்றாம் வில்லியம் நாசா என்னும் குலத்தில் வந்தவர். அந்தக் குலப்பெயரை வையுங்கள் என்றார். தன் பெயர் கல்லில் நிலைக்கட்டும் என்று எண்ணாத கொடையாளர் அன்றும் அரிது, இன்றும் அரிது. கல்லூரியின் முறையான பெயர் 1896 வரை ‘நியூ ஜெர்சி கல்லூரி’. மக்களோ நெடுங்காலம் அதை ‘நாசா ஹால்’ என்றே அழைத்தார்கள். கட்டடத்தின் பெயர் நிறுவனத்தையே விழுங்கிவிட்டது. 1777இல் பிரின்ஸ்டன் போரின் குண்டுகளைத் தாங்கிய அந்தக் கட்டடம், 1783இல் சில மாதங்கள் அமெரிக்கக் காங்கிரசுக்கு அவையாகவும் இருந்தது. 1802இலும் 1855இலும் தீயில் வெந்து, இரண்டு முறையும் பழைய சுவர்களின் மேலேயே மீண்டும் எழுந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

பக்கத்துக் கட்டடங்களுக்கு அந்த நிலைபேறு வாய்க்கவில்லை. ‘மேற்குக் கல்லூரி’ என்று திசைப்பெயரோடு இருந்த கட்டடம் 2017இல் எழுத்தாளர் டோனி மாரிசனின் பெயரைப் பெற்றது. வுட்ரோ வில்சனின் பெயரைத் தாங்கிய பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்தும் மாணவர் விடுதிக் கல்லூரியிலிருந்தும் அந்தப் பெயர் 2020இல் நீக்கப்பட்டது. அவர் பிரின்ஸ்டனின் தலைவராகவும் நாட்டின் குடியரசுத் தலைவராகவும் இருந்தவர். ஆனால் கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த அவருடைய கொள்கைகளை இனியும் சுவரில் எழுதி மதிக்க முடியாது என்று அறங்காவலர் குழு முடிவெடுத்தது. கட்டடத்துக்கு வைக்கும் பெயர் வெறும் அடையாளப் பலகை அல்ல என்பதை அங்கே மாணவர்கள்தாம் முதலில் உரக்கச் சொன்னார்கள்.

இனித் தமிழுக்கு வருவோம். கேம்பஸுக்கு நாம் வழங்கும் ‘வளாகம்’ அண்மையில் யாரோ உருவாக்கிய கலைச்சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புறநானூற்றின் 189ஆம் பாட்டு, ‘தெண்கடல் வளாகம் பொதுமை யின்றி, வெண்குடை நிழற்றிய ஒருமை யோர்க்கும்’ என்று தொடங்குகிறது. உலகை ஒரு குடைக்கீழ் ஆளும் வேந்தனுக்கும், இரவும் பகலும் உறங்காமல் விலங்கை வேட்டையாடித் திரியும் கல்லாத ஒருவனுக்கும் உண்பது நாழி, உடுப்பவை இரண்டே என்று சொல்லும் நக்கீரர் பாட்டு அது. அங்கே வளாகம் என்பது கடலால் சூழப்பட்ட நிலவுலகம். ஒரு கல்லூரி நிலத்துக்குத் தகுமா என்று ஐயப்படத் தேவையே இல்லை. உலகத்தையே சுமந்த சொல் அது.

வேர் ‘வளை’. வளையல், வளையம், வளைவு எல்லாம் அதன் பிள்ளைகள். சூழ்தல் என்ற பொருளில் ‘வளாவுதல்’ உண்டு. அதன் பக்கத்தில்தான் வளாகம் நிற்கிறது. சூழப்பட்ட இடம் என்பது அடிப்பொருள். இந்தக் குடும்பத்தில் பேச்சுவழக்கில் இன்றும் உயிரோடு இருப்பது ‘வளவு’. ஈழத்தில் வீடும் அதைச் சுற்றிய வேலிக்குள் அடங்கிய நிலமும் வளவு. நெல்லைப் பக்கத்தில் ஒரே வாசலுக்குள் பல குடும்பங்கள் வாழும் வீட்டுத்தொகுதி வளவு. நகரத்தார் வீடுகளில் தூண்கள் சூழ்ந்த உள்முற்றப் பகுதி வளவு. சிங்களத்தில் பிரபுக்களின் மாளிகைக்கு வழங்கும் ‘வலவ்வ’ என்ற சொல்லும் தமிழிலிருந்து சென்றதே என்பார்கள். ஹார்வர்டின் ‘யார்டு’ என்பதற்கு ஈடான சொல் தேடினால் வளவைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைக்காது. அது வேலியடைத்த வீட்டுநிலம்; இதுவும் அப்படியே.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கேம்பஸும் வளாகமும் பொருளால் ஒன்றல்ல. முன்னது திறந்த வெளி, பின்னது சூழ்ந்த வெளி. சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் ‘திடல்’ என்றோ ‘களம்’ என்றோ வந்திருக்கவேண்டும். அப்படிப் பெயர்க்காமல் விட்டது நல்லது என்பேன். மதிலும் நுழைவாயிலும் உள்ளே சாலையும் மரமுமாக நாம் காணும் பல்கலைக்கழகத்தை வளாகம் என்ற சொல் அப்படியே வரைந்துகாட்டுகிறது. மூலச்சொல்லின் பிறப்பைப் பார்க்காமல், கண்முன் உள்ள பொருளைப் பார்த்துத் தேர்ந்த பெயர் இது. கலைச்சொல்லாக்கத்தில் இந்த வழியை நாம் இன்னும் அதிகமாகப் பின்பற்றலாம்.

ஈழத்தில் ‘கம்பஸ்’ பல்கலைக்கழகத்தையே குறித்ததற்கு ஒரு சட்ட வரலாறும் துணையாக நின்றது. 1972இல் இலங்கையின் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒரே பல்கலைக்கழகமாக இணைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் அதன் ‘வளாகம்’ ஆனது. 1974 அக்டோபரில் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்த பெயர் ‘இலங்கைப் பல்கலைக்கழக யாழ்ப்பாண வளாகம்’. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் கட்டடங்களில் அது குடியேறியது. அறிவியல் வகுப்புகள் தொடக்கத்தில் வட்டுக்கோட்டையில் நடந்தன. 1979இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த பிறகும் மக்கள் வாயில் கம்பஸ் மாறவில்லை. வளாகம் அங்கே நிலத்தின் பெயராக மட்டும் இல்லை, நிர்வாகத் தகுதியின் பெயராகவும் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனபோது, மண் மாறவில்லை, தகுதி மாறியது.

அந்த யாழ்ப்பாண நிலத்தில் பெயர்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பரமேசுவரன் கோயில் பழைய கல்லூரியை நினைவூட்டுகிறது. கைலாசபதி கலையரங்கம் வளாகத்தின் முதல் தலைவரான பேராசிரியர் க. கைலாசபதியின் பெயரைத் தாங்குகிறது. இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ அருணாசலம், இராமநாதன் என்ற உடன்பிறந்தார் இருவர் பெயரிலும் மாணவர் விடுதிகள் உள்ளன. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இயக்கம் நடத்தியவர் அருணாசலம். அந்தப் பெயர் அங்கே இருப்பது முற்றிலும் தகும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. சேப்பாக்கத்தில் அதன் அடையாளமாக நிற்கும் செனட் இல்லத்தை ராபர்ட் சிசம் வடிவமைக்க, 1874 முதல் 1879 வரை கட்டினார்கள். ‘செனட்’ என்ற இலத்தீன் சொல்லின் வேர் ‘முதியவர்’ என்பது. தமிழ்நாட்டில் அதை ‘ஆட்சிப்பேரவை’ என்கிறோம். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ‘மூதவை’ என்கிறார்கள். மூத்தோர் அவை என்று வேரோடு பொருந்தி, மூன்றே எழுத்தில் நாவுக்கும் எளிதாக வரும் மூதவையே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. செனட் இல்லத்தை ஒருநாள் ‘மூதவை மண்டபம்’ என்று எழுதிப் பார்க்க ஆசை.

‘ஃபேக்கல்டி’ என்பதற்கு இரு கரையிலும் நல்ல சொற்கள் உண்டு. ஈழத்தில் கலைப்பீடம், மருத்துவபீடம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் எழுந்தபோது ‘புலம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது: கலைப்புலம், சுவடிப்புலம், மொழிப்புலம், அறிவியற்புலம், வளர்தமிழ்ப்புலம். புலம் என்றால் வயல், நிலம், அறிவு. புலவர் என்ற சொல்லும் இதோடு தொடர்புடையது. இலத்தீன் காம்புஸ் எந்த வயலிலிருந்து புறப்பட்டதோ, அந்த வயல் தமிழில் அறிவுத்துறையின் பெயராக விளைந்திருக்கிறது. யாரும் திட்டமிடாத இந்தச் சந்திப்பை எண்ணும்போதெல்லாம் மகிழ்ச்சி உண்டாகிறது.

இடப்பெயர்களிலும் துணிவு காட்டியவர்கள் உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முகவரி ‘பல்கலைப்பேரூர்’. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் முகவரி ‘பல்கலை நகர்’. வளாகம் என்றுகூடச் சொல்லாமல் ஊராகவே பெயர் சூட்டிவிட்டார்கள். சென்னை ஐஐடி தன் விடுதிகளுக்குக் காவேரி, கிருஷ்ணா, நர்மதா, தாமிரபரணி என்று ஆறுகளின் பெயர்களை வைத்தது. ஆற்றின் பெயரை யாரும் எதிர்த்து நீக்கச் சொல்வதில்லை.

எதிர்ப்பால் அல்ல, சுருக்கத்தால் மறையும் பெயர்களும் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944இல் உருவானது. மாணவர் வழக்கில் அது ‘ஏ.சி. டெக்’. கல்விக்காகத் தம் செல்வத்தை வாரி வழங்கிய ஒருவரின் பெயர் இரண்டு எழுத்துகளாகக் குறுகி, அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதும் மறந்துபோகிறது. ‘அழகப்பா’ என்று முழுதாகச் சொன்னாலும் நான்கு எழுத்துதான், மெய்யைச் சேர்த்தால் ஐந்து.

வளாகம் என்ற சொல்லுக்கு இன்று ஒரு நெருக்கடியும் இருக்கிறது. ‘காம்ப்ளெக்ஸ்’ என்பதற்கும் அதையே போடுகிறோம்: வணிக வளாகம், அடுக்குமாடி வளாகம். சுற்றி ஓர் அடி நிலம்கூட இல்லாத ஒற்றைக் கட்டடத்துக்கும் அந்தப் பெயர் போய்விடுகிறது. சூழ்ந்த நிலம் இல்லாத இடத்தில் வளாகம் இல்லை. அங்கே ‘கட்டடத் தொகுதி’ என்று ஈழத்தில் வழங்குவதை நாமும் எடுத்தாளலாம். வேலைக்கு ஆள் எடுக்கும் கேம்பஸ் இன்டர்வியூவை நாளிதழ்கள் ‘வளாக நேர்காணல்’ என்றே எழுதுகின்றன. அது பழகிவிட்டது, சரியாகவும் இருக்கிறது. ‘கேம்பஸ் முழுக்கத் தேடினேன்’ என்று பேசும் இடத்தில் ‘வளாகம் முழுக்கத் தேடினேன்’ என்று சொல்லிப் பாருங்கள், எங்கும் இடறாது.