ஏசி காஸ் தானாகத் தீராது

மே மாதம் பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் என் கராஜில் ஒரே பேச்சுத்தான்: "ஏசி சூடா வருது, கொஞ்சம் காஸ் அடிச்சு விடுங்கோ." பொனற்றைத் திறக்க முன்னமே நோயும் சொல்லி மருந்தும் சொல்லிவிடுவார்கள். காஸ் அடித்து அனுப்புவது எனக்கும் லேசான வேலைதான். ஆனால் இரண்டு மாதத்தில் அதே வாகனம் அதே புழுக்கத்தோடு வந்து நிற்கும்.

போன மாதம் வந்த வேன் அப்படித்தான். நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓடும் தம்பி. ஒரு வருடத்தில் மூன்று தடவை, மூன்று இடங்களில் காஸ் அடித்திருக்கிறார். "இப்ப வாற காஸ் தரமில்லைப் போல, அண்ணே" என்றார்.

காஸ் என்ன பெற்றோலா, ஓட ஓட எரிந்து தீர? அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. டாஷ்போர்ட்டுக்குள் இருக்கும் கொயிலில் ஆவியாகி வாகனத்துக்குள் இருக்கும் சூட்டை எடுக்கும், முன்னால் கொண்டென்சரில் அந்தச் சூட்டைக் கொட்டித் திரும்பவும் திரவமாகும். ரப்பர் குழாய், சீல் வழியாக வருடக்கணக்கில் மெல்லக் குறைவது உண்டு, அது வேறு. இரண்டு மாதத்தில் போனால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

அந்த வேனின் முன் பம்பருக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். கொண்டென்சரின் கீழ்மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பிசுக்கு, அதில் மணல் ஒட்டியிருந்தது. காஸோடு சேர்ந்து, அதை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசரின் ஒயிலும் வெளியே வரும். ஆகவே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில்தான் முதலில் தேடுவேன். நைதரசன் ஏற்றிச் சவர்க்கார நுரையைத் தடவினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உலை பொங்கும்போது மூடியோரம் நுரை தள்ளுமே, அதுபோலச் சின்னச் சின்னக் குமிழ்கள். விரலால் தொட்டதும் பக்கத்துத் தகடுகள் மாவாக உதிர்ந்தன.

எங்கள் ஊர் உப்புக் காற்றின் வேலை அது. கொண்டென்சர் மெல்லிய அலுமினியத்தால் ஆனது, வாகனத்தின் மூக்கில் இருப்பது. டச்சுக் குடா, உப்புவெளி, நிலாவெளி என்று எங்கே நிறுத்தினாலும் கடலைப் பார்த்தபடியே நிறுத்துகிறோம். வாரத்தில் ஒரு தடவையாவது கிரில் வழியாக நல்ல தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள். சேர்விஸ் ஸ்ரேசன் பிறஷர் குழாயைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடங்கிக் காற்றுப் போகாது. அது கழுவாமல் விடுவதைவிட மோசம்.

தம்பிக்குக் கொண்டென்சர் மாற்றவேண்டி வந்தது. கணக்குப் பார்த்தால், மூன்று தடவை காஸுக்குக் கொடுத்த காசு அதில் ஒரு நல்ல பங்கு. அவர் கொஞ்சம் அதிர்ஷ்டக்காரர் என்றுதான் சொல்லுவேன். காஸ் குறைந்த நிலையில் தொடர்ந்து ஓடினால் ஒயில் கொம்பிரசருக்குத் திரும்பாது, உள்ளே உராய்ந்து இறுகிவிடும், உலோகத் தூள் குழாயெல்லாம் பரவிவிடும். பிறகு மாற்றாமல் விடக்கூடிய பகுதியைத் தேடவேண்டியிருக்கும்.

ஓட்டையை அடைத்தபிறகு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச அரை மணி நேரமாவது வக்கியூம் பம்ப் ஓடவேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் காஸ் பாயும் சின்னத் துளையான எக்ஸ்பான்சன் வால்வில் உறைந்து அடைக்கும், ஒயிலையும் அமிலமாக்கும். அப்புறம் காஸை நிறுத்து ஏற்றத் தராசு. எத்தனை கிராம் என்று பொனற் அடியில் ஸ்ரிக்கரே ஒட்டியிருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டித்தான். தொழில் பழகிய காலத்தில் நானும் குழாயைக் கையால் தொட்டுப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்று ஏற்றியவன். கூடினாலும் குளிர் குறையும் என்பது அப்போது தெரியாது. இன்னொன்று, பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்134ஏ என்ற காஸ் 450 கிராமைக் காற்றில் விடுவது, கிட்டத்தட்ட 640 கிலோ காபனீரொட்சைட்டை விடுவதற்குச் சமம். ஓட்டையோடு அடிக்கும் காஸ் முழுக்க அங்கேதான் போகிறது.

எல்லாப் பிழையும் காஸில் இல்லை. ஓடும்போது குளிர்ந்து, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நெரிசலில் நின்றதும் சூடானால், முதலில் முன் ஃபேனைப் பாருங்கள். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்ரர். வேப்பமரத்தடியில் நிறுத்தும் ஒரு ரீச்சரின் காரில் இருந்து ஒரு பிடி சருகு எடுத்தேன். வேலை பத்து நிமிடம்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு நானாவின் கார். வேறெங்கோ காஸ் அடித்து, கூடவே சாதாரணக் கார்களுக்கு ஊற்றும் பாக் ஒயிலையும் ஊற்றியிருந்தார்கள். பெரும்பாலான ஹைபிரிட்டுகளில் கொம்பிரசர் பெல்ற்றில் ஓடுவதில்லை, உயர் வோல்ற் மின்சாரத்தில் ஓடுகிறது. மோட்டார் சுருள் அந்த ஒயிலுக்குள்தான் இருக்கிறது. அதனால் மின் கசியாத தனி ஒயில்தான் வேண்டும். மாறி ஊற்றினால் மின்கசிவு காட்டி ஏசி நின்றுவிடும். நானாவுக்கு கொம்பிரசரே போயிற்று. காஸ் அடிக்கும் அதே மெசினில் முந்திய வாகனத்தின் ஒயில் மிச்சம் இருந்தாலும் ஆபத்துத்தான். உயர் வோல்ற் ஓடும் செம்மஞ்சள் நிற வயர்களை நீங்களாகத் தொடவும் வேண்டாம்.

ஆகவே ஹைபிரிட்டுக்கு ஏசி வேலை செய்ய முன், என்ன ஒயில் என்று கேட்டு போத்தலைக் காட்டச் சொல்லுங்கள். "எல்லாம் ஒண்டுதான்" என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.