கனடாவில் மருத்துவக் கஞ்சா: மனநலப் பாதிப்புக்காக எடுக்க நினைப்பவர்களுக்கு விதிகள்

ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பிய எவரும் கடைக்குப் போய்க் கஞ்சா வாங்கலாம். 2018 ஒக்ரோபர் 17 முதல் அதுதான் சட்டம். அப்படியிருக்க, வைத்தியரிடம் கையெழுத்து வாங்கி, விற்பனையாளரிடம் பதிந்து, தபாலில் வரவழைக்கும் மருத்துவத் திட்டம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அது இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 2001இல் தொடங்கி, நீதிமன்றத் தீர்ப்புகளால் பலமுறை மாற்றப்பட்டு, இன்று கஞ்சா ஒழுங்குவிதிகளின் 14ஆம் பகுதியாக உள்ளது. வருமான வரிச் சலுகை, கூடுதலாக வைத்திருக்கும் உரிமை, சில காப்புறுதிகளில் பணம் திரும்பப் பெறும் வழி, இவை மூன்றும் இந்தத் திட்டத்துக்குள் வந்தால்தான் கிடைக்கும்.

பதகளிப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு, போர் தந்த மனவடு என்று சொல்லி இதை விசாரிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் திட்டத்தில் நோய்ப் பட்டியலே கிடையாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ‘இன்னின்ன நோய்க்கு மட்டும்’ என்று பட்டியல் இருக்கும். கனடாவில் வைத்தியர் அல்லது தாதிய வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மருத்துவ ஆவணத்தில் நோயின் பெயரை எழுத வேண்டும் என்றுகூட விதி கேட்பதில்லை. ஆகவே அந்த ஆவணம் கையில் கிடைத்துவிட்டது என்பதை ‘இது என் நோய்க்கு மருந்து என்று அரசு ஒப்புக்கொண்டது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வைத்திருக்கவும் வாங்கவும் தரும் அனுமதி மட்டுமே. காய்ந்த பூவுக்கும் எண்ணெய்க்கும் மற்ற மருந்துகளைப் போன்ற மருந்து அடையாள எண் வழங்கப்படவில்லை.

மருத்துவ உலகம் என்ன சொல்கிறது? கனடியக் குடும்ப வைத்தியர்கள் கல்லூரி 2014இல் வெளியிட்ட வழிகாட்டி, பதகளிப்புக்கும் தூக்கமின்மைக்கும் காய்ந்த கஞ்சா பொருத்தமான சிகிச்சை அல்ல என்று நேரடியாகவே எழுதியது. 25 வயதுக்குக் கீழானவர்கள், தமக்கோ நெருங்கிய குடும்பத்தினருக்கோ மனப்பிறழ்வு நோய் வந்தவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயாளர், ஏற்கெனவே கஞ்சாவுக்கு அடிமையானவர்கள் ஆகியோருக்குக் கொடுக்கக் கூடாது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் 83 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த கட்டுரை வந்தது. மனச்சோர்வு, பதகளிப்பு, கவனக்குறைவு நோய், மனவடு, மனப்பிறழ்வு ஆகியவற்றுக்குக் கஞ்சாச் சேர்மங்கள் உதவும் என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்பதே அதன் முடிவு. வேறு உடல்நோய் உள்ளவர்களின் பதகளிப்பு, கஞ்சாவில் மயக்கம் தரும் சேர்மமான ரி.எச்.சி உள்ள மருந்தால் சற்றுக் குறைந்ததாகத் தெரிந்தது. அந்த ஆதாரமும் மிகத் தரக் குறைவானது என்றே எழுதினார்கள். 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மனவடு உள்ள 80 முன்னாள் படையினருக்கு மூன்று வாரம் சிலருக்குக் கஞ்சாவும் சிலருக்குச் செயல்பொருள் இல்லாத போலிக் கஞ்சாவும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு தரப்பிலும் அறிகுறிகள் குறைந்தன. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

‘எனக்கு இது வேலை செய்கிறதே’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ரி.எச்.சி குறைந்த அளவில் சிலருக்குப் படபடப்பைத் தணிக்கும். அளவு கூடினால் அதே ரி.எச்.சி நெஞ்சுத் துடிப்பை ஏற்றி, பயத்தையும் சந்தேக எண்ணங்களையும் கிளப்பும். மனச்சிதைவு நோய்க்கான சாய்வு உள்ளவரிடம் அது நோயையே தொடக்கிவிடலாம். குடும்பத்தில் அப்படி யாருக்காவது இருந்ததா என்று வைத்தியர் கேட்கும்போது ஊரில் நடந்ததை மறைப்பது நம்மவர் பழக்கம். இந்த இடத்தில் மறைக்க வேண்டாம்.

ஆவணம் வாங்குவது

மருத்துவ ஆவணத்தில் இருக்க வேண்டியவை: உங்கள் முழுப்பெயரும் பிறந்த திகதியும், வைத்தியரின் பெயர், தொழில், முகவரி, தொலைபேசி, உரிம எண், எந்த மாகாணத்தில் உரிமம், உங்களைப் பார்த்த இடத்தின் முகவரி, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் காய்ந்த கஞ்சா, எவ்வளவு காலத்துக்கு, கையெழுத்தும் திகதியும். காலம் ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது. ஒரு பகுதி விடுபட்டாலும் விற்பனையாளர் திருப்பி அனுப்பிவிடுவார். அடையாள அட்டையில் ஒரு பெயர், ஓஹிப் (ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதி) அட்டையில் முன்பெயரும் பின்பெயரும் மாறி இருப்பது தமிழர்களிடம் சாதாரணம். பதிவு தாமதமாவதற்கு அது போதும். முன்கூட்டியே ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள்.

விதி கேட்பது கிராம் கணக்கை மட்டும். ரி.எச்.சி எத்தனை சதவீதம், மயக்கம் தராத இன்னொரு சேர்மமான சி.பி.டி எவ்வளவு என்பது கட்டாயப் பகுதியல்ல. இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்று சொல்ல வேண்டும். ‘நாளுக்கு 1 கிராம்’ என்ற ஒரே ஆவணத்தை வைத்துக்கொண்டு 5 சதவீதப் பூவும் வாங்கலாம், 25 சதவீதப் பூவும் வாங்கலாம். மூளைக்குப் போகும் அளவில் ஐந்து மடங்கு வித்தியாசம். ஆகவே எந்த வகை, எத்தனை மில்லிகிராமில் தொடங்குவது, எத்தனை நாளுக்குப் பிறகு கூட்டுவது என்று வைத்தியரிடம் தனித்தாளில் எழுதி வாங்குங்கள். அதை எழுதித் தர மறுக்கும் இடத்தை நம்ப வேண்டாம்.

குடும்ப வைத்தியர் கையெழுத்துப் போட மறுக்கலாம். அது அவருடைய உரிமை. மறுத்தால் பலர் இணையவழிக் கஞ்சாக் கிளினிக்குக்குப் போகிறார்கள். பத்து நிமிடக் காணொளிப் பேச்சில் ஆவணம் கிடைத்துவிடும். ஆனால் நீங்கள் எடுக்கும் மனநோய் மருந்துகளை அவர்கள் பார்க்காமலே போகலாம். அங்கே போவதென்றால் பாமசியில் மருந்துப் பட்டியலை அச்செடுத்து அனுப்புங்கள். கிளினிக் எழுதும் குறிப்பைக் குடும்ப வைத்தியருக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

பதிவதும் அளவும்

ஆவணம் வந்தபின் வழிகள் மூன்று. உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் பதிந்து தபாலில் வாங்கலாம். மத்திய அரசின் சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடாவிடம் பதிந்து தானே வளர்க்கலாம். இன்னொருவரை வளர்த்துத் தரச் சொல்லலாம். மூன்றுக்கும் கனடாவில் வழக்கமாக வசிப்பவராக இருக்க வேண்டும். பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு இது கிடையாது.

ஒரு மூல ஆவணத்தை ஒரு விற்பனையாளரிடம்தான் கொடுக்கலாம். இரண்டு இடத்தில் வாங்க வேண்டுமானால் வைத்தியர் அளவைப் பிரித்து இரண்டு ஆவணம் எழுத வேண்டும். பிடிக்காவிட்டால் ஆவணத்தை வேறு விற்பனையாளருக்கு மாற்றித் தரும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பதிவு முடியும் திகதியை நாட்காட்டியில் குறித்து, ஆறு வாரம் முன்பே புதுப்பிக்கத் தொடங்குங்கள். திகதி கடந்தால் ஒரு கிராம்கூட அனுப்ப மாட்டார்கள். தினமும் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் தூக்கம் கெடும், எரிச்சலும் பதகளிப்பும் ஏறும், இரண்டு வாரம்வரை இழுக்கும். அதைப் பழைய நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டுபவர்கள் அதிகம்.

பொதுவெளியில் வைத்திருக்கக்கூடிய அளவு, தினசரி அளவின் 30 மடங்கு அல்லது 150 கிராம், இரண்டில் எது குறைவோ அது. நாளுக்கு 1.5 கிராம் என்றால் 45 கிராம். நாளுக்கு 6 கிராம் என்றால் 180 வரும், ஆனால் 150 தான். வயது வந்த எல்லோருக்கும் உள்ள 30 கிராம் இதற்கு மேலதிகம். 1 கிராம் காய்ந்த பூவுக்கு 5 கிராம் பச்சைப் பூ, 15 கிராம் உண்ணும் பொருள், 0.25 கிராம் செறிவுப்பொருள் சமம். உங்கள் பெயர் ஒட்டிய போத்தல் லேபல்தான் காவல்துறைக்கு நீங்கள் காட்டும் அத்தாட்சி. மருந்தை வேறு டப்பாவில் மாற்றிக் கொண்டு திரியாதீர்கள்.

வளர்ப்பதானால் 18 வயது வேண்டும். எத்தனை செடி என்பதை ஹெல்த் கனடா ஒரு சூத்திரத்தால் கணக்கிடும்: நாளுக்கு 1 கிராமுக்கு வீட்டுக்குள் 5 செடி, வெளியில் என்றால் 2. ஒருவர் இரண்டு பேருக்கு மேல் வளர்க்க முடியாது. ஒரே இடத்தில் நான்கு பதிவுக்கு மேல் கூடாது. நாளுக்குப் பல பத்து கிராம் என்று எழுதப்பட்ட ஆவணங்களை ஹெல்த் கனடா சந்தேகத்துடன் பார்க்கிறது. மறுக்கவும் ரத்துச் செய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு. மனநலத்துக்காக எடுப்பவருக்கு இந்த வழி பெரும்பாலும் பொருந்தாது. வீட்டில் விளையும் பூவில் எத்தனை சதவீதம் ரி.எச்.சி என்று தெரியாது. அடித்தள அறையில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக் காப்புறுதியும் சிக்கலாகும்.

அளவு விஷயத்தில் ஹெல்த் கனடாவின் பொது அறிவுரை தெளிவானது. புகையாக இழுப்பதென்றால் 10 சதவீதம் அல்லது அதற்குக் குறைந்த ரி.எச்.சி, வாயால் எடுப்பதென்றால் 2.5 மில்லிகிராம் அல்லது அதற்குக் குறைவு. மில்லிலீற்றருக்கு 25 மில்லிகிராம் உள்ள எண்ணெயானால், ஊசிக்குழாயில் 0.1 என்ற முதல் கோடு வரைதான் அந்த 2.5. வாயால் எடுத்தது வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். முழு வீச்சு நான்கு மணி நேரம் கழித்துக்கூட வரலாம். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டாவது தடவை எடுப்பவர்கள்தான் இரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள்.

மருந்துகளோடு சேரும்போது இன்னும் கவனம். சி.பி.டி ஈரல் நொதிகளைத் தடுப்பதால் எஸ்சிற்றலோபிராம், குளோபாசாம், வார்பரின் போன்றவை இரத்தத்தில் கூடும். வல்புரோயேற் எடுப்பவருக்கு ஈரல் பரிசோதனை தேவைப்படும். கஞ்சாப் புகை இதற்கு நேர் எதிர்: குளோசபீன், ஒலான்சபீன் இரண்டையும் உடல் வேகமாகக் கழித்துவிடும், மருந்தின் அளவு இறங்கிவிடும். எந்த மருந்தையும் ‘இனி இது போதும்’ என்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பணம்

ஓஹிப் ஒரு சதமும் தராது. விற்பனை வரியும் உண்டு, கலால் தீர்வையும் உண்டு. வேலைத்தளக் காப்புறுதிகள் சில தருகின்றன. ஆனால் அவை தம் பட்டியலை வைத்திருக்கின்றன. பன்முகத் தண்டுவட மரப்பு நோய், புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாந்தி போன்றவைதான் பெரும்பாலும் அதில் இருக்கும். பதகளிப்பு இருக்காது என்றே எதிர்பாருங்கள். ஆவணம் எடுப்பதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம், படிவத்தில் 33099 என்ற இலக்கமுள்ள இடத்தில். நிபந்தனை இரண்டு: ஆவணம் இருக்க வேண்டும், பதிந்த விற்பனையாளரிடம் வாங்கியிருக்க வேண்டும். கடை ரசீது செல்லாது. நிகர வருமானத்தின் 3 சதவீதம், அல்லது அந்த ஆண்டுக்கு அறிவித்த தொகை, எது குறைவோ அதைத் தாண்டிய செலவுக்குத்தான் கழிவு. 60,000 டொலர் உழைப்பவருக்கு முதல் 1,800 டொலர் கணக்கில் வராது. பல்லு, கண்ணாடி, மருந்து எல்லாச் செலவையும் சேர்த்து 2,400 ஆனால் 600 மட்டுமே எண்ணப்படும்.

மனவடுவுக்கு அரசு பணம் தருகிறது என்று பரவும் கதை, முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களத்தின் திட்டத்தைப் பற்றியது. கனடியப் படையில் அல்லது மத்திய காவல்துறையில் பணியாற்றி, அதன் காரணமாகப் பாதிக்கப்பட்டதாக ஏற்கப்பட்டவர்களுக்கு நாளுக்கு 3 கிராம் வரை திணைக்களம் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் மனநல நிபுணரின் கடிதம் வேண்டும். முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவருக்கு இதில் இடமில்லை. அவருக்குப் பொருந்துவது வேறு: 18 வயதுக்கு மேற்பட்டவர்களின் மனச்சோர்வுக்கும் பதகளிப்பு சார்ந்த பாதிப்புகளுக்கும் இலவசமாகப் பேச்சுச் சிகிச்சை தரும் ஒன்ராறியோ மாகாணத் திட்டம். ஆதாரம் பலமாக உள்ளது அந்தச் சிகிச்சைக்குத்தான். உயிரை விடும் எண்ணம் வந்தால் 9-8-8ஐ அழையுங்கள், எந்த நேரமும்.

வாகனமும் விமானமும்

மருத்துவ ஆவணம் குற்றவியல் சட்டத்தில் விலக்குத் தராது. ஓட்டி இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ரி.எச்.சி 2 நனோகிராம் அல்லது அதற்கு மேல், ஆனால் 5க்குக் குறைவாக இருந்தால் 1,000 டொலர் வரை அபராதம். 5 அல்லது அதற்கு மேலென்றால் முதல் தடவையே குறைந்தது 1,000 டொலர், இரண்டாம் தடவை 30 நாள் சிறை. தினமும் எடுப்பவரின் இரத்தத்தில் மயக்கம் தெளிந்த பிறகும் ரி.எச்.சி தங்கியிருக்கும். 5ஐத் தாண்டிய குற்றத்துக்கு உச்சத் தண்டனை பத்தாண்டு என்பதால், குடியுரிமை பெறாதவரின் நிரந்தர வதிவிட உரிமையே ஆட்டங்காணலாம். அப்படி வழக்கு வந்தால் குற்றவியல் சட்டத்தரணியோடு குடிவரவுச் சட்டத்தரணியையும் பாருங்கள். ஒன்ராறியோ புதிய ஓட்டுநர்களுக்கும் 21 வயது வரையானவர்களுக்கும் வைத்திருக்கும் ‘துளியும் கூடாது’ விதியில் மட்டும் மருத்துவ அனுமதி உள்ளவருக்கு விலக்கு உண்டு.

உள்நாட்டு விமானத்தில் உங்கள் அளவை லேபலோடு கொண்டுபோகலாம். எல்லை தாண்டக் கூடாது. போகும்போதும் வரும்போதும், ரி.எச்.சி இல்லாத சி.பி.டி எண்ணெயானாலும், கனடியச் சட்டப்படி அது குற்றம். கொழும்பிலோ சென்னையிலோ கனடிய ஆவணத்துக்கு மதிப்பில்லை; இந்தியாவில் சிறிய அளவுக்கே ஓராண்டு வரை சிறை உண்டு. ஊருக்குப் போக ரிக்கற் போட்டவர் மாதம் முன்பே வைத்தியரிடம் சொல்லி, அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு புறப்பட வேண்டும். பெட்டி கட்டும்போது பழைய கைப்பை, மேலங்கிப் பையெல்லாம் தட்டிப் பாருங்கள். மறந்து கிடக்கும் கஞ்சாக் கம்மி மிட்டாய்ப் பொதி அங்கேதான் இருக்கும்.