சீரியல்: தானியம் அல்ல, அவல்பொரி

"உடல் மெலிந்து கட்டுக்கோப்பாக இருக்க, காலையில் ஆரோக்கியமான தானியத்தைத் தேர்ந்தெடுங்கள்." இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவத்தில் அடிக்கடி கண்ணில் படுகிறது. உடல்நலக் குறிப்புகளில் வருகிறது, கைப்பேசி விளம்பரங்களில் வருகிறது, அட்டைப்பெட்டியின் தமிழ்ப் பக்கத்திலும் வருகிறது. எழுதியவர் சொல்ல வந்தது, பாலை ஊற்றியதும் சாப்பிடலாம் என்று பெட்டியில் அடைத்து விற்கும், ஆங்கிலத்தில் சீரியல் எனப்படும் பண்டத்தை. படிப்பவர் மனதில் தோன்றுவதோ கம்பு, கேழ்வரகு, நெல். காவிரிப் பாசனத்தில் வளர்ந்த யாருக்கும் தானியம் என்பது களத்தில் தூற்றுவது, பத்தாயத்தில் கொட்டுவது. அதைக் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் சாப்பிட மாட்டார்கள்.

சீரியல் என்ற சொல்லின் பிறப்பில் மர்மம் ஒன்றும் இல்லை. ரோமானியரின் விளைச்சல் தெய்வம் செரிஸ். அவள் பெயரிலிருந்து லத்தீனில் செரியாலிஸ், அதிலிருந்து ஆங்கிலத்தில் சீரியல். கோதுமை, வாற்கோதுமை, நெல் போன்ற புல்லினப் பயிர்களையும் அவற்றின் மணிகளையும்தான் அது முதலில் குறித்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பேட்டில் கிரீக் என்ற ஊரில், 1894இல் கெல்லாக் சகோதரர்கள் வேகவைத்த கோதுமையை உருளைகளுக்கு இடையே தட்டையாக்கி வறுத்து எடுத்தார்கள். 1906இல் மக்காச்சோளத்தில் அதையே செய்து விற்கும் கம்பெனி வந்தது. ஏறக்குறைய அந்தத் தலைமுறையில்தான் சீரியல் என்ற சொல் வயலை விட்டுப் பெட்டிக்குள் வந்தது. ஆக, ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். நம்மவர்கள் அகராதியில் முதலில் இருப்பதை எடுத்து இரண்டு இடத்திலும் 'தானியம்' என்று போட்டுவிடுகிறார்கள்.

'சீரியல்' என்றே எழுதிவிடலாமே என்றால், அந்தச் சொல்லைத் தொலைக்காட்சித் தொடர் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

தானியம் வடசொல் என்பதல்ல என் புகார். நவதானியம் தெளிக்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. அந்த ஒன்பதில் நெல், கோதுமையோடு துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளும் இருக்கின்றன. எல்லாமே முழு மணிகள், பக்குவம் செய்யாதவை. அதனால்தான் அந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது, அந்த நல்ல பெயரைத்தான் பெட்டிக்காரர்கள் இனாமாக எடுத்துக்கொள்கிறார்கள். மன்னார்குடியில் இருக்கும் என் சித்திக்குச் சர்க்கரை நோய். காலையில் தானியமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதும், சாக்லேட் பூசிய உருண்டைகளை வாங்கி வைத்திருந்தார். "தானியம்னுதானேப்பா போட்டிருக்கு" என்றார். அந்த வகைகளில் 100 கிராமுக்கு 25 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளவை உண்டு. பிரிட்டனில் 22.5 கிராமைத் தாண்டினாலே அதிகம் என்று சிவப்பு நிறம் காட்டுவார்கள், 5 கிராமுக்குள் இருந்தால்தான் குறைவு என்பார்கள். சித்தியிடம் ஒரு பிழையும் இல்லை. பிழை அந்தச் சொல்லை அங்கே போட்டவரிடம்.

இதைவிட மோசமான ஒன்று இப்போது பரவுகிறது: 'செதில்'. ஃபிளேக்ஸ் என்று கண்டதும் செதில் என்று எழுதிவிடுகிறார்கள். சோளச் செதில்கள், ஓட்ஸ் செதில்கள், கோதுமைச் செதில்கள். கெண்டையும் விராலும் உரசிக் கழுவுகிற ஊர்களில் செதில் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டாம். அது மீன் மேல் இருப்பது, அரிவாள்மணையில் சுரண்டித் தள்ளுவது. தோல் நோயில் உதிர்வதற்கும் அதே பெயர். வாயில் போடுகிற பொருளுக்கு அதை வைக்க ஒரு தமிழருக்கு எப்படி மனம் வரும்? நனைத்து, சூடாக்கி, தட்டையாக்கிய மணிக்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டுப் பெயர் இருக்கிறது: அவல். குறுந்தொகையில் பாசவல் இடிக்கிறார்கள். உலக்கைக்குப் பதில் உருளை வந்தது, நெல்லுக்குப் பதில் மக்காச்சோளம் வந்தது, வேலை அதே வேலைதான்.

அவல் என்றால் அரிசி அவல்தானே என்று ஒரு நண்பர் மறுத்தார். கும்பகோணம் கடைத்தெருவில் கம்பு அவல், சோள அவல், கேழ்வரகு அவல் எல்லாம் பாக்கெட்டில் தொங்குகின்றன. விற்பவருக்கு வராத சந்தேகம் எழுதுபவருக்கு வருகிறது. அவல் பதமாக இருக்கும், இது மொறுமொறுவென்று இருக்கிறதே என்றார் இன்னொருவர். அப்படியானால் வறுத்த அவல். அப்புறம், கார்ன் என்பதைச் சோளம் என்று எழுதுவதும் தவறு. சோளம் வேறு பயிர், இது மக்காச்சோளம். 'மக்கா'வை விழுங்கிவிட்டால் சிறுதானியம் சாப்பிடுகிறோம் என்ற நினைப்பு வந்துவிடும்.

தனித்தமிழ் அன்பர்கள் 'கூலம்', 'கூல உணவு' என்கிறார்கள். கூலம் என்றாலும் தானியம்தான். அழகான சொல், நம் கடற்கரைச் சொல்லும்கூட. சிலப்பதிகாரம் காட்டும் புகாரில், மருவூர்ப்பாக்கத்தில் கூலம் குவித்த கூலவீதி இருந்தது. ஆனால் அங்கே குவிந்து கிடந்தது பச்சை மணி. வேளாண்மைக் கட்டுரைகளில் கூலம் என்று தாராளமாக எழுதலாம், நானும் எழுதுவேன். பெட்டிக்கு அதைச் சூட்டினால் தானியத்தில் வந்த அதே குழப்பம், கூடவே பாதிப் பேருக்குப் புரியாமலும் போகும்.

என் பரிந்துரை 'அவல்பொரி'. ஆயுத பூஜைக்கு எல்லோரும் வாங்குகிற, எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். தட்டையாக்கியது அவல், சூட்டில் உப்பியது பொரி. காலை உணவுப் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று. ஆகவே பொதுப்பெயர் காலை அவல்பொரி. பருப்பும் உலர்திராட்சையும் சேர்ந்த மூஸ்லி அவல் கலவை. ஓட்ஸ் வெளியிலிருந்து வந்த பயிர், அதன் பெயரே இருக்கட்டும். தட்டையாக்கினால் ஓட்ஸ் அவல், வெட்டினால் ஓட்ஸ் குருணை, காய்ச்சினால் ஓட்ஸ் கஞ்சி.

இப்படிச் செய்முறையை வைத்துப் பெயர் சொன்னால் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவருக்கு உடனே பயன் தெரியும். நொறுக்கிப் பக்குவப்படுத்துவது கூடக் கூடச் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், சீக்கிரம் பசிக்கும். குருணை மெதுவாகச் செரிக்கும், பொடியான உடனடி அவல் வேகமாகச் செரிக்கும். பொரி என்ற சொல்லைக் கேட்டதுமே அது காற்று, கை நிறைய அள்ளினாலும் வயிறு நிறையாது என்று நமக்குத் தெரியும். வெள்ளை அவலையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. அது தீட்டிய அரிசிதான். சிவப்பரிசி அவல், மாப்பிள்ளைச் சம்பா அவல் தேடி வாங்குங்கள். பெட்டி வாங்கினால் 100 கிராமுக்கு நார்ச்சத்து 6 கிராமாவது இருக்கிறதா என்று பாருங்கள். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாகத்தான் அச்சிடுவார்கள். முதல் இரண்டு மூன்று பெயர்களில் சர்க்கரையோ குளுக்கோஸ் பாகோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். 'பல தானியம்' என்று பெரிதாக எழுதியிருப்பதில் மயங்க வேண்டாம். பல என்பது முழு ஆகாது, ஐந்து தானியத்தைத் தீட்டி மாவாக்கிக் கலந்தாலும் பலதான். பெட்டி சொல்லும் ஒரு வேளை அளவு பெரும்பாலும் 30 கிராம். அதை ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்தால், நாம் கிண்ணத்தில் கொட்டுவது எவ்வளவு கூடுதல் என்று புரியும்.

முதலில் காட்டிய வாக்கியத்தில் வரும், லீன் என்பதற்குப் போடுகிற 'மெலிந்த' என்பதும் எனக்கு ஆகவே ஆகாது. நம் ஊரில் "ஏம்மா இப்படி மெலிஞ்சு போயிட்டே" என்பது கவலைப்பட்டுக் கேட்கும் கேள்வி. ஆரோக்கியமாக இருப்பவரை உடம்பு சிக்கென்று இருக்கிறது, கட்டான உடம்பு என்கிறோம். மொழிபெயர்ப்பாளர் மெலிந்த உடல் என்கிறார், பத்து வரி தள்ளி மெலிந்த இறைச்சி என்கிறார். நோஞ்சான் ஆட்டின் கறியா? கொழுப்பில்லாத கறி என்றால் போதாதா?

இன்னொன்று தவிடு. அது மாட்டுத் தீவனம் என்ற கூச்சத்தில், கோதுமைத் தவிடு என்று எழுத வேண்டிய இடத்தில் 'பிரான்' என்றும் 'தானிய உமி' என்றும் எழுதுகிறார்கள். உமி வேறு, தவிடு வேறு. உமியை யாரும் தின்பதில்லை, அரவை மில்லில் நின்ற எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். நார்ச்சத்தில் பெரும்பங்கும் பி வைட்டமின்களில் கணிசமான பங்கும் தவிட்டில்தான் இருக்கின்றன. பெட்டியில் தவிட்டு அவல் என்று அச்சடித்தால், வாங்குகிறவருக்குத் தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது படித்ததுமே தெரியும்.