பாடம் பிள்ளைக்கு, கரண்டி யார் கையில்?

மொரீஷியஸ் பள்ளிகளில் சுற்றுச்சூழல் வகுப்பெடுக்கிறேன். ‘உணவை வீணாக்காதே’ என்று பிள்ளைகள் அழகாக வரைந்து சுவரில் ஒட்டியிருப்பார்கள். வீட்டில் எத்தனை டம்ளர் அரிசி உலையில் போடுவது என்பதை அந்தப் பிள்ளையா முடிவு செய்கிறது?

அதனால் நான் இப்போது பெரியவர்களுக்கும் சேர்த்து ஒரு நோட்டைக் கொடுத்தனுப்புகிறேன். ஒரு வாரம் குப்பைக்குப் போகும் சாப்பாட்டை எழுத வேண்டும்: என்ன, எவ்வளவு, ஏன். அந்த ‘ஏன்’தான் எனக்கு வேண்டியது. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பது அதில் குறைவு. மீந்த சோறு, காய்ந்த ரொட்டி, காத்ர் போர்ன் சந்தையில் மலிவென்று கட்டுக்கட்டாக வாங்கி வாடிப்போன கீரை, இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. யாராவது வந்துவிட்டால் பற்றாதே என்ற பயத்தில்தான் நம் வீடுகளில் உலை வைக்கிறோம். நல்ல குணம்தான், ஆனால் தினமுமா விருந்தாளி வருகிறார்?

உலக அளவிலும் இதே கதைதான். 2022இல் வீணான 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை.

நமக்கு இது இன்னும் உறைக்க வேண்டும். இந்தத் தீவு உண்பதில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. கடல் தாண்டி வந்த அரிசி, சோறாகி, மார் ஷிகோஸ் குப்பைக் கிடங்கில் போய் விழுகிறது. 1997இல் திறந்த அதுதான் நாட்டின் ஒரே பெரிய கிடங்கு. அங்கே காற்றுப்படாமல் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 27 மடங்குக்கு மேல் சூடேற்றும்.

புயல் எச்சரிக்கை வந்தால் ஃப்ரிட்ஜை நிரப்புவதும் நம் வழக்கம். மின்சாரம் போனதும் கறியும் மீனும் கெட்டுவிடும். பருப்பு, பிஸ்கட், டின் மீன் வாங்கிவைப்பதே புத்திசாலித்தனம்.

மிச்சப்படுத்துகிறேன் என்று சோற்றை இரவு முழுக்கச் சட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். அரிசியில் உள்ள பாக்டீரியா வித்துகள் வேகவைத்தாலும் சாகா. சோறு வெளியிலேயே இருந்தால், அறை வெப்பநிலையில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அது போகாது. அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

காவடிக்கு ஏழு கறி சமைக்கும் கோவில்களில் ‘முதலில் கொஞ்சம் பரிமாறுங்கள், கேட்டால் போடுங்கள்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். சில பாட்டிமார் முறைக்கிறார்கள். காய்த்தோல் உரக்குழிக்குப் போகலாம், எண்ணெயில் சமைத்த மிச்சத்தை அதில் போட வேண்டாம், எலி வரும்.