மர மில் கழிவில் எரிவாயு: எந்தக் கருவிக்கு எவ்வளவு மானியம்?

மர மில்லில் மிஞ்சும் கட்டைத் துண்டையும் சிராயையும் வாயுவாக்கி எரிக்கும் கலனுக்குக் கேசிஃபையர் என்று பெயர். இதை வைப்பவர்களுக்கு மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் மானியம் அறிவித்தது. 2022 நவம்பரில் அறிவித்த தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தில் இது ஒரு சிறு பகுதி. திட்டக் காலம் 2026 மார்ச் வரை என்பதால், விண்ணப்பிக்கும் முன் அமைச்சகத்தின் பயோஊர்ஜா இணையதளத்தில் இப்போதைய நிலையைப் பார்த்துவிடுங்கள்.

2022 விதிமுறைப்படி தொகை மூன்று விதம். வாயுவை வெறும் சூட்டுக்கு, அதாவது பாய்லருக்கோ உலர்த்தும் அறைக்கோ, எரித்தால் 300 கிலோவாட் வெப்பத் திறனுக்கு 2 லட்சம் ரூபாய். டீசலோடு கலந்து எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுத்தால் கிலோவாட்டுக்கு 2,500. டீசலே இல்லாமல் முழுக்க வாயுவில் ஓட்டினால் 15,000. ஆக, 100 கிலோவாட் முழு வாயு எஞ்சினுக்கு 15 லட்சம். டீசல் கலந்தால் இரண்டரை லட்சம்தான்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? எஞ்சின் விலையும் மிச்சமாகும் டீசலும் காரணமாக இருக்கலாம். என்னைக் கேட்டால், கலனுக்குள் நடப்பதைப் பார்த்தால்தான் அந்தக் காசின் அருமை தெரியும். 100 டிகிரியை ஒட்டி ஈரம் வெளியேறும். 200-ஐத் தாண்டியதும் மரத்தில் உள்ள மூன்று முக்கியப் பொருள்களில் ஒன்றான ஹெமிசெல்லுலோஸ் உடைய ஆரம்பிக்கும். 300-க்கு மேல் மர நாரான செல்லுலோஸ். நாரைப் பிணைத்து வைக்கும் லிக்னின் மட்டும் அவசரப்படாது, இதற்கெல்லாம் முன்னும் பின்னுமாக மெல்ல உடைந்து கரியாக நிற்கும். கூடவே வருவது தார். ஆறினால் குழாயிலும் வால்விலும் பிசினாக ஒட்டும். அடுப்பில் சூடாகவே எரித்துவிட்டால் தொல்லை குறைவு. எஞ்சினுக்கு விடுவதென்றால் குளிர்வித்து, வடிகட்டி, சுத்தப்படுத்தியாக வேண்டும். முழுதாக எரியத் தேவைப்படும் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ளே விட்டால், மிஞ்சிய கரி கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் தரும். எரிவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். பாதிக்குப் பாதி காற்றிலிருந்து வந்த வெறும் நைட்ரஜன். கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாத விஷம் என்பதால் கலன் இருக்கும் இடத்தில் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும்.

பச்சை மரம் போட்டால் சூடு ஈரத்தை விரட்டவே செலவாகி, தார்தான் கூடும். ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மரத்தூளை அப்படியே கொட்டினால் காற்றுப் போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். கட்டியாக அழுத்திப் போட வேண்டும். பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் துண்டு இவற்றைக் கலக்காதீர்கள்: பெயின்டில் ஈயம் இருக்கலாம், பிளைவுட் பசை வேறு தொல்லை.

விண்ணப்பம் பயோஊர்ஜா வழியாகத்தான். 2022 விதிமுறைப்படி, கலன் ஓட ஆரம்பித்து, ஆய்வில் தேறிய பிறகே பணம் வரும். அதுவரை முழுச் செலவையும் நீங்களோ உங்கள் வங்கியோதான் தாங்க வேண்டும்.