புளூரின் செய்த வேடிக்கை

வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பிவிடுவதால்தான் அது வெள்ளை. பெயின்ட் கம்பெனிக்கு அது வரம். வெயிலை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க நினைப்பவர்களுக்குத் தலைவலி.

1972இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே பொருளின் மேல் ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். ஆனால் இந்தக் குறைகடத்திக்குள் எலக்ட்ரான் கீழ் ஆற்றல் பட்டையிலிருந்து மேல் பட்டைக்குத் தாவ ஏறக்குறைய 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அந்தத் தெம்பு புற ஊதாக் கதிருக்குத்தான் உண்டு. தரைக்கு வரும் வெயிலில் அது நூற்றில் நாலைந்து பங்குதான்.

இரண்டு பட்டைக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியைச் சுருக்க, ஆக்சிஜனில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு நைட்ரஜனைச் சேர்ப்பது பழகிய வழி. புளூரின் பக்கம் பெரும்பாலும் யாரும் போகவில்லை. எலக்ட்ரானை இறுக்கிப் பிடிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. அதைச் சேர்த்தால் இடைவெளி விரியும் என்றே நினைத்தார்கள்.

2018இல் கசுஹிகோ மயேதா முதலான ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓர் ஈய-டைட்டானியம் ஆக்சிபுளூரைடை, அதாவது ஆக்சிஜனும் புளூரினும் சேர்ந்த சேர்மத்தை, பற்றி எழுதினார்கள். அதில் ஈயம் 2, டைட்டானியம் 2, ஆக்சிஜன் 5.4, புளூரின் 1.2. பின்னத்தைப் பார்த்து மிரள வேண்டாம். ஈயத்துக்குத் தலா +2, டைட்டானியத்துக்குத் தலா +4, ஆக நேர் மின்சுமை 12. எதிர்ப்பக்கம் ஆக்சிஜனுக்குத் தலா 2 வீதம் 10.8, அதோடு புளூரினுக்குத் தலா 1 வீதம் 1.2, அதுவும் 12. படிகத்தில் சில இடங்களை ஆக்சிஜனும் புளூரினும் பங்குபோட்டுக்கொள்வதால் வந்த பின்னம் இது.

இடைவெளியோ வெறும் 2.4 எலக்ட்ரான் வோல்ட்! சுமார் 520 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளி, அதாவது நீலமும் பச்சையில் கொஞ்சமும், இதற்குத் தீனி. நீலத்தை விழுங்குவதால் பொடி மஞ்சளாகத் தெரிகிறது. புளூரின் புகுந்ததால் படிகத்துக்குள் சில ஆக்சிஜன் அணுக்கள் ஈயத்தை வழக்கத்தைவிட நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன. அந்த நெருக்கத்தில் ஈயத்தின் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனின் எலக்ட்ரான்களோடு கலந்து கீழ்ப் பட்டையை மேலே தூக்கிவிடுகின்றன. மேல் பட்டைக்கு ஏற வேண்டிய உயரம் குறைந்துவிடுகிறது.

தகுந்த துணைப் பொருள்களோடு இந்தப் பொடி தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் தந்தது. ருத்தீனியம் என்ற உலோகத்தின் சேர்மம் ஒன்றை மேலே ஏற்றியபோது கார்பன் டை ஆக்சைடு ஃபார்மிக் அமிலமாக மாறியது. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அதன் உறுதி: கந்தகச் சேர்மங்களான சல்பைடுகள் பல ஒளி பட்டுப் பட்டுத் தாங்களே அரித்துப்போகும், இது அப்படி அழியவில்லை.

ஈயம் நஞ்சு என்பதுதான் உறுத்தல். ஈயமே இல்லாத டைட்டானியம் ஆக்சிபுளூரைடும் இருக்கிறது. லித்தியம் பேட்டரியின் எதிர்மின்முனைக்கு அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சூடாக்கினால் புளூரினை உதறிவிட்டு, பழையபடி பெயின்ட் டப்பாவின் டைட்டானியம் டை ஆக்சைடாகிவிடும்.